சின்னக்கிளி வம்சம்

குழாயில் எச்சில் துப்பி அனுப்பச் சொன்னாள் மோராக்.
ஸ்கொட்லாந்தின் வடகோடியில், கடலோரத்தில் அவள் வீடு.
அங்கே வேறு மீன், இங்கே நெத்தலி,
நாற்றம் ஒன்றுதான் என்று எழுதியிருந்தாள்.
அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

துப்புமுன் அரைமணிநேரம் ஒன்றும் குடிக்கக்கூடாது.
ஐஸ் பெக்டரியில் கணக்கெழுதுகிறவள் நான்.
விடிய நாலு மணிக்கு வள்ளங்கள் வந்துவிடும்.
பிளேன்ரீ இல்லாத அரைமணி எனக்குப் பெருவிரதம்.
ஆனாலும் இருந்தேன், பூர்வீகத்துக்காக.

பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கும்போது
ஜெசிந்தா சின்னக்கிளி என்றதும்
பின்வாங்கில் யாராவது கீச்சென்பார்கள்.
அப்பாவிடம் அழுதுகொண்டு போனால் ஒரே பதில்:
"சின்கிளேயர், பிள்ளை. எழுதினவனுக்குக் காது மந்தம்."
ஓர்ஸ் ஹில்லை உவர்மலை ஆக்கிய ஊருக்கு
சின்கிளேயரைக் கிளியாக்க எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு கிளாஸ் சாராயம் உள்ளே போனால்
அப்பா ஸ்கொட்லாந்துக்காரர்.
மூன்றாவதில் பிரபு.
விடிந்தால் துறைமுகத்தில் வெல்டர்,
கண்ணில் பொறி விழுந்து, தாய்ப்பால் தேடி
அயல்வீட்டுக் கதவைத் தட்டுகிற வெல்டர்.

தம்பி அன்ரனும் நானும் மோட்டார் சைக்கிளில்
பழைய சவக்காலைக்குப் போனோம்.
மோராக் சொன்ன மூலையில் ஒரு கல்,
கல்லின் மேல் ஒரு மான்.
இந்த ஊர் மான்கள் பஸ்ஸுக்கே எழும்பாது,
வாரிசுக்கா எழும்பும்?
அது படுத்திராத பாதியைத்
தும்பாலும் பழைய ரூத்பிரஷாலும் தேய்த்தோம்.
பாசிக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஏறி வந்தான்
வில்லியம் சின்கிளேயர்,
பீரங்கிப் படை, முப்பத்தொரு வயது,
காய்ச்சல், 1869.
அன்ரன் தொப்பியைக் கழற்றினான்.
எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்வானேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டைச் சுவாமியார் எடுத்து வைத்தார்.
கறையான் தின்றது போக மீதி இருந்தது:
தோமஸ் சின்கிளேயர், பிறப்பு 1872.
அப்பாவின் அப்பாவின் அப்பா.
தாய் ஹொனோரா, கோர்க் ஊர், விதவை.
தகப்பன் என்ற இடத்தில்
ஒரு கோடு.

அன்ரன் விரலை மடக்கி எண்ணினான்.
மூன்று வருஷம் எந்தக் கர்ப்பமும் காத்திருக்காது.
சுவாமியார் யன்னலால் கடலைப் பார்த்தார்.

மறுகிழமை எச்சிலும் பேசிற்று.
மோராக்கின் இரத்தத்துக்கும் என்னுடையதற்கும்
ஒரு நூல்கூட ஒட்டவில்லை.
ஸ்கொட்லாந்து பூச்சியம்.
அயர்லாந்து ஆறு விழுக்காடு.

ஆக, அவள்தான்.
புருஷனைப் புதைத்துவிட்டு,
விதவைகளை ஊருக்கு ஏற்றிப்போன கப்பலில் ஏறாதவள்.
பங்கு அரிசியை நிறுத்தியிருப்பார்கள்.
கோட்டைவாசலுக்கு வெளியே வந்து
எந்தப் பக்கம் திரும்பினாள்?
கோணேசர் மணி கேட்ட பக்கமா,
மீன்வாடிப் பக்கமா?
செத்த சங்குக்குள் நண்டு குடியிருப்பது போல
அவன் பெயருக்குள் பிள்ளையை வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.
அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குப் பெயரில்லை,
எங்கள் மிச்சம் தொண்ணூற்று நாலுக்குள் எங்கேயோ இருக்கிறான்.
அவனும் மீன் நாறியிருப்பான் என்று
எனக்கு ஒரு நினைப்பு.

மோராக்குக்கு எழுதினேன்:
உங்கள் வில்லியத்துக்கு நாங்கள் யாருமில்லை.
கல்லைக் கழுவியாயிற்று, படம் வைத்திருக்கிறேன்.
மான் நகரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் ஒரே வரி:
ஹொனோராவுக்குக் கல் உண்டா?

இல்லை.
தேடிவிட்டோம். இல்லை.

அப்பாவின் கல்லில் சின்கிளேயர் என்றுதான்
இங்கிலீசில் வெட்டியிருக்கிறது. இருக்கட்டும்.
நேற்று இரவு இரண்டாவது கிளாஸில்
அன்ரன் அயர்லாந்துக்காரன் ஆனான்.
மூன்றாவதற்கு முன் போத்தலை எடுத்து ஒளித்தேன்.

நாலு மணி. முதல் வள்ளம்.
பதினெட்டுப் பெட்டி ஐஸ், கடன்.
கீழே கையெழுத்து வைக்கிறேன்
ஜெ. சின்னக்கிளி.