ஆளுக்குப் பாதி

ஹால்வர் எங்கனும் நானும்
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.
மைனாட் ஊரில், பிப்ரவரியில்,
கதவைத் திறந்தால் மூக்குமயிர் உறையும் வாரத்தில்
மூன்று பெட்டிகளாக வந்து இறங்கியது.
என் கேரேஜில் பனிவண்டி நிற்கிறது.
அவன் கேரேஜில் ஹீட்டர் இருக்கிறது.
அதனால் அங்கே.
பங்கு சரிபாதி, இடம் அவனுடையது.
இதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் பெஞ்ச் ஆடியது.
கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம்
பலகை ஒரு கும்பிடு போட்டது.
ஹால்வர் பேசாமல் எழுந்துபோய்
இரண்டு கட்டைகளைச் சுவரோடு சேர்த்து முடுக்கினான்.
நான்கு துளை, நான்கு போல்ட்.
கையேடு அறுபது பக்கம்.
அவன் தொடவில்லை, நான் இரண்டு முறை படித்தேன்.
இருபது வருடமாக எங்கள் பழக்கம் இப்படித்தான்.

வட்டத் தட்டு ஒன்று, அதில் ஐந்து இடம்.
இழுத்தால்
முதல் கூடு எரிந்த பொட்டைத் துப்பும்,
தள்ளினால் புதுப்பொட்டு ஏறும்.
இரண்டாவதில் வாய் விரியும், மருந்து விழும்.
நான்காவதில் தலைமேல் ஈயம் உட்காரும்.
ஐந்தாவதில் உதட்டை இறுக்கிக்கொள்ளும்.
ஒரே இழுப்பில் ஐந்துக்கும்
ஆளுக்கொரு வயது கூடும்.
மூன்றாவது இடத்தில் வேலை ஒன்றும் இல்லை.
மருந்து இருக்கிறதா என்று
குனிந்து பார்க்கத்தான் அந்த இடம்.

தராசில் பத்து முறை நிறுத்தோம்,
முள் அசையவில்லை.
பிறகு அவன் இழுத்தான், நான் கூடு வைத்தேன்.
கடக், சரக். கடக், சரக்.
பெட்டியில் விழும் பித்தளையின் சத்தம்
சில்லறை எண்ணும் வங்கி மாதிரி.
நானூறு.

நடுவில் ஒரு போன் வந்தது.
ஹால்வர் வாசல் பக்கம் திரும்பி நின்று பேசினான்.
மூன்று நிமிடம், அதற்குமேல் இல்லை.
அதற்குள் நான் காப்பி ஊற்றப் போயிருந்தேன்.
வந்தபோது அவன் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை போட்டி.
முப்பத்தேழு நன்றாக வெடித்தன.
முப்பத்தெட்டாவது
'பொசுக்' என்றது,
சோடா பாட்டிலின் மூடி போல.
ஹால்வர் விரலை எடுத்தான்.
துப்பாக்கியைக் கீழே வைத்தான்.
குழலின் பாதியில் சிக்கி நின்றது ஈயம்.
அடுத்ததைச் சுட்டிருந்தால்
என்று யாரும் சொல்லவில்லை.
வழக்கமாய்ச் சிரிக்கிற எல்டன் பார்ச்சும்
தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மீதி முந்நூற்று அறுபத்திரண்டு.
நிறுத்துப் பார்த்தால் போதாது.
கூட்டுக்குக் கூடு எடை மாறும்.
மருந்து அந்த வித்தியாசத்தில் ஒளிந்துகொள்ளும்.
பிளாஸ்டிக் சுத்தியலில் தோட்டாவைத் திணித்து
சிமெண்டில் மூன்று அடி.
ஈயம் ஒரு டப்பா, மருந்து ஒரு டப்பா.
ராத்திரி பதினொன்றுக்கு என் தோள் போயிற்று.
அவன் வாங்கி அடித்தான்.

இருநூறு தாண்டியபோது,
சுத்தியலைப் பார்த்தபடியே சொன்னான்:
"வீடு விலை போயிருச்சு.
அன்னைக்கு வந்த போன் அதுதான்.
டூசானில் மகள் ரூம் ஒதுக்கி வெச்சிருக்கா."
மூன்று அடி. ஈயம். மருந்து.
"எப்போ?"
"மே."
மூன்று அடி.

விடியும்போது முடிந்தது.
முந்நூற்று அறுபத்திரண்டிலும் மருந்து இருந்தது.
ஒன்றுகூடக் காலி இல்லை.
காலியாக இருந்தது அந்த ஒன்றுதான்.
அதைத்தான் அவன் முன்பே சுட்டுவிட்டான்.

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்,
ஆனால் கொஞ்சம் தாமதமாக.
பிறகு தன் பாதிக்கு என்ன விலை தருவாய் என்று கேட்டான்.
நான் பனிவண்டியை எங்கே நிறுத்துவது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவன் ஒரு சிமெண்ட் அட்டையைக் கிழித்து
பெஞ்சின்மேல் வைத்து
நான்கு துளைகளையும் பென்சிலால் வரைந்தான்,
இடைவெளி சரியாக,
என் வீட்டுப் பலகைக்கு.