தோலோடு கிடந்தது

கடைசி ஜெர்மன்காரியும் வேனேறிப் போனபின்
பாசிக்குடாவில் எங்கள் ஹோட்டலில் மிச்சம்
நாற்பத்திரண்டு வெற்று அறை,
ஒரு தோட்டக்காரர், மூன்று பூனை,
நான், ஜெஸீல்.
வாடை தொடங்க இன்னும் பத்து நாள்.
மனேஜர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார்:
'ரெண்டு போத்தலையும் உடையுங்க.
சாப்பாட்டோட குடிச்சுப் பாத்து
அடுத்த சீசனுக்கு மெனு எழுதி அனுப்புங்க.'

குடிக்கிறது நான்.
சமைக்கிறது ஜெஸீல். ஓட்டமாவடிப் பொடியன்,
வாயில் ஒரு சொட்டும் படாது.
ஆனால் மூக்கு!
எந்த அறையில் யார் பலாப்பழம் ஒளித்தது என்று
மாடிப்படியில் நின்றே சொல்வான்.

முதல் போத்தல்.
வெள்ளைத் திராட்சைதான். பிழிந்தபின் தோலை வீசாமல்
ஆறு மாதம் ஒன்றாகவே கிடக்க விட்டிருக்கிறார்கள்.
அதனால் வந்த நிறம்
அவன் தனக்கு ஊற்றிய பிளேன்டீயின் நிறம்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
சிரிப்பு வந்தது.

'எங்க பிடிக்குது?'
முரசில். நாக்கின் ஓரத்தில்.
நாவற்பழம் தின்றபின் வாய் உள்ளுக்குள் இழுக்குமே,
அப்படி.
'துவர்ப்பா?'
துவர்ப்பு.
பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரர் இதை விளங்கப்படுத்த
அரை மணித்தியாலம் பலகையில் படம் கீறினார்.
எங்களுக்கு அது ஆறில் ஒன்று,
வாழைப்பூ ஆயும்போதே விரலில் ஒட்டிக்கொள்வது.

கிளாசை அவன் வாங்கவில்லை. நான் பிடிக்க,
குனிந்து மணந்தான்.
'தோடம்பழத் தோல், காயவச்சது.
பழைய மேசை லாச்சி.
மறுகா… தேன். ஆனா இனிப்பில்லாத தேன்.'
நான் எழுதினேன்.

ஒட்டி மீன் பொரியலோடு குடித்தேன்,
வாயில் இரும்பு.
கணவாய்க் கறியோடு,
இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருந்தன.
அவன் பேசாமல் எழும்பிப் போய்
பழப்புளி கரைத்து, மிளகு கூட்டி,
நண்டை உடைத்துப் போட்டான்,
கடைசியில் முருங்கையிலை, கையால் கசக்கி.
இப்போது ஒவ்வொரு மிடறும்
கறியின் எண்ணெயை அரிந்துகொண்டு இறங்கியது.
'சரிபோல' என்றான்.
அவன் ருசி பார்த்தது என் முகத்தில்.

இரண்டாவது, சின்னப் போத்தல், மூன்று மடங்கு விலை.
கொடியிலேயே பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பழம்.
'பழுதாப்போனதுக்கா இவ்வளவு காசு?'
அவனுடைய வட்டிலப்பத்தோடு குடித்தேன்.
கித்துள் கருப்பட்டிக்குப் பக்கத்தில்
வைன் மெலிந்து புளித்துப் போயிற்று,
கலியாண வீட்டில்
பணக்கார மச்சாளுக்குப் பக்கத்தில் இருத்தப்பட்டவள்போல.
நேற்று ராவெல்லாம் ஏலம் இடித்தவனிடம்
எப்படிச் சொல்ல?
'பொய் சொல்லாத புள்ள' என்றான்,
நான் வாய் திறக்குமுன்.
'சோடி சேரல்ல.'

திரும்பவும் மணந்தான். நெடுநேரம்.
பிறகு குசினி மூலைத் தகரத்தைத் திறந்து
பொரித்தான்,
கருவாடு.
நாற்பத்திரண்டு அறைக்கும் மணம் போயிருக்கும்.
பூனைகள் மூன்றும் வாசலில்.

உப்பு ஒரு கடி, இனிப்பு ஒரு மிடறு.
ஒன்று கெடாமல் இருக்கக் காய்ந்தது,
மற்றது கெட்டபடியால் இனித்தது.
நான் ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினேன்.
அவனும் ஒன்றைக் கடித்துப் பிளேன்டீயை உறிஞ்சி
'ஓம்' என்றான், தனக்குத்தானே.

மனேஜருக்கு இங்கிலீசில் அனுப்பினேன்,
கருவாட்டுக்குக் கௌரவமான பெயரொன்று வைத்து.
துவர்ப்புக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை.
அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறேன்,
அவர் நிரப்பட்டும்.

கழுவப் போனால் இரண்டு கிளாஸ்,
அடியில் ஒரே பழுப்பு வளையம்.
எது எவருடையது?
ஒன்றைத் தூக்கி மூக்கருகே பிடித்தான்.
'இது உன்ட' என்று தந்துவிட்டு
மற்றதைக் கழுவத் தொடங்கினான்.