நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் நண்டுக் கணக்கு.
மண்டபம் ஷெட்டில் நான் உரித்த சதை,
கிலோ, கிராம், தேதி, கையெழுத்து.
திருப்பிப் போட்டுப் புரட்டினால் நாங்கள்.

செவ்வாய்க்கிழமையைக் காணோம்.
திங்கள் ராத்திரி பல் தேய்த்தேன்.
வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தால்
புதன் மத்தியானம், குந்துகால் ரோடு.
பாலத்தைத் தாண்டிய ஞாபகமில்லை.
கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்.
காலில் ஆம்பளைச் செருப்பு, ஓர் அளவு பெரிது.

நோட்டைத் திறந்தேன்.
“உன் செருப்பு கடிக்குது. புதுசு வாங்கிட்டேன்.
நூத்தியெழுபது சொன்னான், நூத்தியிருபதுக்கு முடிச்சேன்.”
சாய்ந்த எழுத்து. தாசன்.
அவனுக்கு வள்ளம் வலிக்கத் தெரியும்.
எனக்கு நீச்சல்கூடத் தெரியாது,
காய்ப்பு மட்டும் என் உள்ளங்கையில்.

அதற்குக் கீழே பென்சிலில்,
மூணாம் வகுப்போடு நின்றுபோன கை:
“மிட்டாய் என்னது. தின்னாத.”
தின்னவில்லை.
எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டுக்கு நடுவே வைத்தேன்.

ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவோமே,
இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல் என்று,
ராமநாதபுரத்து டாக்டரம்மாவும் அதைத்தான் எடுத்தார்:
பாலத்துக்கடியில் ரெண்டும் சேருதே, எஸ்கலின்.
அங்கேதான் நீரோட்டம் படகைத் தூணில் அடிக்கும் என்றேன்.
ரெண்டு கடல் எங்களுக்குப் பத்தாது என்றும் சொன்னேனாம்.
அதைச் சொன்னது நானில்லை.

அதற்கு முன்னால் பதினோரு வெள்ளிக்கிழமை.
ஜெபக்கூட்டத்தில் தலையை அமுக்கிப் பிடித்து
எத்தனை பேர், பேரைச் சொல், பேரைச் சொல்.
உள்ளேயிருந்து சொன்னாள்:
எனக்கு எட்டு வயசு. எண்ணெ கண்ணுல படுது.
பிசாசு பொய் பேசும் என்றார்கள்.
பிறகு ஐந்து மாதம் அவள் வரவேயில்லை.
அந்த ஐந்து மாதமும்
எனக்கு இனிப்பு ருசிக்கவில்லை.

ஷெட்டில் நம்புசெல்விக்குத் தெரியும்.
கேட்க மாட்டாள். பார்ப்பாள்.
இடது கையால் கொடுக்கை உடைத்தால்
சர்க்கரை போடாத டீ நகர்ந்து வரும்.
வெந்த நண்டின் கண்ணுக்குப் பயந்து ஒதுங்கி உட்கார்ந்தால்
என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.
கேரளாவுக்குப் போன தன் பூனையின் கதையை
முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.
ஒரே ஒரு நாள்
என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று எழுந்து
மேஜையிலிருந்த கத்திகளையெல்லாம்
உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அது யார் என்று அவளிடம் கேட்டதில்லை.
அந்த ஆள் நோட்டில் எழுதுவதில்லை.
பக்கத்தைக் கிழிப்பதோடு சரி.
வலைக் கொட்டகை என்று நான் எழுத ஆரம்பித்த பக்கம்,
இரண்டு தடவை.
“விடு, அதுக்குத்தான் தெரியும் அங்க நடந்தது” என்கிறான் தாசன்.
“அது பாத்துக்கிட்டதாலதான் நீ பத்தாவது பாஸானே.”

மெதுவாக எல்லாரும் ஒன்றாகிவிடலாம்,
விருப்பமிருந்தால், என்றார் டாக்டரம்மா.
நோட்டில் கேட்டு வைத்தேன்.
தாசன்: “அப்ப வள்ளம் யாரு வலிப்பா?”
பென்சில்: “ஒண்ணாயிட்டா எனக்கு ஒம்போது வயசு ஆகுமா?”
இதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.
கீழே நாலு வரி விட்டிருந்தேன், அந்த ஆளுக்காக.
காலையில் அப்படியே இருந்தது. வெள்ளையாக.
கிழிபடாமல்.

ஷெட்டுக்குப் போய் முன்பக்கத்தைத் திறந்தால்
வியாழக்கிழமைக் கணக்கில்
3.200 அடித்திருக்கிறது.
மேலே, அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்தி,
எனக்குத் தெரியாத எழுத்தில்
3.400.
“தராசுத் தட்டுல அவன் விரல் இருந்துச்சு.
கேட்டு வாங்கு.”

கேட்டேன்.
குரல் நடுங்கியது, அது என் குரல்தான்.
வாங்கினேன்.