மஞ்சக்குட்டைச் சரிவில்

துளைப்பான் விழுந்து காப்பி செத்த அரை ஏக்கரில்
முதல் உழவு பன்றிகளுடையது.
ஏழு மூக்குகள், பத்து நாள்.
கோரைக்கிழங்கு ஒன்று மிச்சமில்லை.

லீ பஜார் பொட்டலங்களைச்
சிமென்ட் சாக்கில் கொட்டினேன்:
தட்டைப்பயறு, கொள்ளு, தீவனச்சோளம்,
வெந்நீரில் தோல் இளக்கிய வேலிமசால்.
சின்ன விதை அடியில் போய்ப் பதுங்கும்.
மணல் கலந்துதான் வீசவேண்டும்.

"பன்னிக்குப் பந்தியா, பிலோமினா?"
வேலிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி தீர்த்தகிரி.
கை நிறைய மணல். பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே கொட்டியது.
மலை மழைக்கு
யார் எல்லை எதுவென்று தெரியாது.

நாற்பதாம் நாள்
என் நிலத்தில் சோளம் மூலைக்கொன்று,
பயறு அங்கங்கே.
மசால் மொத்தமும்
எஸ்டேட் காப்பி வரிசைகளின் நடுவே
முழங்கால் உயரத்துக்கு, கரும்பச்சையாய்.

களை என்று எழுதிவிட்டாராம் தீர்த்தகிரி.
நாளைக்கு வெட்டு.

வேலியோரம் ஏழு மூக்குகள்.
கிடேரி கம்பிமேல் கழுத்தை வைத்து
அந்தப் பக்கமே பார்க்கிறது.
விடிவதற்குமுன் அரிவாளோடு போய் நின்றேன்.
"கூலி வேணாம்ண்ணே,
வெட்டினத மட்டும் குடுங்க."

அவர் கொஞ்ச நேரம்
பன்றிகளைப் பார்த்தார்.