எழுபத்தி நாலு

ஒத்துக்கொள்கிறேன்.
வண்டி எழுபத்தி நாலில்தான் வந்தது.
மோர்ப்பண்ணையில் விடியலில் இறங்கிய நண்டு
பதினோரு பெட்டி பின்னால்.
பத்தரைக்குள் மண்டபத்துக் கம்பெனி கேட்டைத் தொடணும்.
பதினொன்று ஆனால் கிலோவுக்கு நாற்பது குறைப்பான்.
அதனால் மிதித்தேன்.

தேவிபட்டினம் விலக்கு தாண்டி
கருவேலம் புதரோடு புதராய் நின்ற ஜீப்பை
நான் பார்க்குமுன்
அந்த மிஷின் என்னைப் பார்த்துவிட்டது.

'ஓரங்கட்டுடா.'

ஜன்னல் வழியே ஒரு கை நுழைந்து
சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
மீசை இன்னும் சரியாகக் கூடாத முகம்.
என் மூத்தவனைவிட ஒரு வயசு கூட இருக்கலாம்.

'பேரு?'
'செங்கோல்.'
'செங்கல்லா?'
ஜீப்புக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு,
செல்போனிலிருந்து தலை தூக்காத சிரிப்பு.
'கோல், சார். ராசா கையில இருக்குமே, அது.'
அவன் தன் கையிலிருந்த பிரம்பை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.
'எந்த ஊருக்குடா நீ ராசா?'

அபராதம் எவ்வளவு என்று கேட்டேன்.
கேட்டதுதான் தப்பாகிப்போனது.
'அவசரமோ தொரைக்கு?
டீ வரட்டும்.'

வண்டி வரும் வேகத்தை அளக்க
மிஷின் வைத்திருக்கிறார்கள்.
டீ வரும் வேகத்தை அளக்க ஒன்றுமில்லை.

நிழல் ஜீப்பின் மேல் இருந்தது.
நான் வெயிலில் நின்றேன்.
கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து
உதட்டில் வைத்துவிட்டுப் போனது.
பெட்டிகள் சொட்டத் தொடங்கின.
முதலில் எண்ணினேன்.
பிறகு அது கோடாகி
தார் ரோட்டில் நெளிந்து இறங்கி
கருவேல வேரடியில் போய் நின்றது.
ரெண்டு பார் ஐஸ்.
காசு கொடுத்து வாங்கி
அந்த முள்ளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

கொடி கட்டிய கார் ஒன்று
நூறுக்கு மேல் போனது.
சல்யூட்டுக்குக் கை போய்விட்டதால்
மிஷினைத் தூக்கக் கை இல்லை.

'லோடு என்ன?'
'நண்டு, சார்.'
'பெருசா நாலு எடு. ஆண் நண்டா.'

மூடியைத் திறந்தேன்.
ரப்பர் பேண்டு போட்ட கொடுக்குகளோடு
அவை என்னைப் பார்த்துக்
குமிழ் விட்டுக்கொண்டிருந்தன.
நாலு எடுத்தேன்.

அண்ணே, வீட்டுக்கு ரெண்டு நண்டு என்று
அவன் கேட்டிருந்தால்
பை தேடிப் போட்டிருப்பேன்.
ஐஸும் மேலே வைத்து,
மிளகு தட்டிப் போடச் சொல்லி
அனுப்பியிருப்பேன்.
கேட்டிருக்கலாம்.

நண்டு போன பிறகும் ஆயிரம் போட்டான்.
அதில் எனக்கு வருத்தமில்லை,
எழுபத்தி நாலு உண்மைதானே.
ரசீதில் ஓடிய வேகம் இருந்தது,
நிறுத்திய நேரம் இருந்தது.
விட்ட நேரத்துக்குக் கட்டம் இல்லை.
நின்ற ஐம்பது நிமிஷமும்
அந்த ஒற்றை எழுத்தும்
எதிலும் ஏறவில்லை.

சாவியை சீட்டில் எறிந்தான்.
கிளம்பினேன்.
ராமநாதபுரம் வரை நாற்பதைத் தாண்டவில்லை.
பல்லைக் கடித்தபடி
சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம்
கண்ணாடிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.
அத்தனையும் நல்ல பதில்கள்.
ஒன்றிரண்டில் நானே சிரித்துவிட்டேன்.

உச்சிப்புளிக்கு முன்னால்
காய்ந்த பாசி மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று
ரோட்டுக்கு நடுவே ஆடி ஆடிப் போனது.
ஹாரன் அடித்தேன். விலகவில்லை.
தலையை வெளியே நீட்டி
'ஓரமாப் போடா' என்றேன்.

தாண்டும்போதுதான் முகம் தெரிந்தது.
அறுபது இருக்கும்.
பொடி நரைத் தாடி.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
காலை ஊன்றி நின்று
சரிந்த மூட்டையைத்
தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.
வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்,
ஒரு கை பிடித்திருக்கலாம்.

மணி பதினொன்று அஞ்சு.
மிதித்தேன்.