ஓரத்து நூல்

பொன்னை ரோட்டில்
மூடிக் கிடக்கும் ஆலையின் லாரித் திடல்தான் டிராக்.
பழைய டயர்கள், சுண்ணாம்புக் கோடு,
மாதத்தில் ஒரு ஞாயிறு.
சொந்தக் காரைச் சொந்தச் செலவில்
தேய்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு
வாசலில் நான்.
மேசை, பதிவேடு, குடியாத்தம் தீப்பெட்டி.

முழுக்கை, முழுக்கால்.
விரல் மூடிய ஷூ, நாடா தொங்கக் கூடாது.
ஹெல்மெட் இரவலானாலும் சரி.
துணி பருத்தி.
உள்ளே போடுவதும் பருத்தி.

"இன்னா மேடம், இது வேலூரு.
எட்டு மணிக்கே தார் இளகுது.
முழுக்கை போட்டா வெந்துடுவோம்."
வேகலாம் என்கிறேன்.
வெயிலில் வெந்தவர் யாரையும்
நான் கத்தரிக்கோலோடு சந்தித்ததில்லை.

சட்டையின் கீழ் மடிப்பைத் திருப்பி
ஒரே ஒரு நூல் உருவிக்
கொளுத்திப் பார்ப்பேன்.
பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை,
ஊதினால் பறந்துவிடும் சாம்பல்.
பாலியஸ்டர் சுருளும், பின்வாங்கும்,
நுனியில் கறுப்பாக ஒரு மணி திரளும்.
ஆறிய பிறகு
நகத்தால் நசுக்கினாலும் உடையாது.

பதினெட்டு வருடம் தீக்காய வார்டு.
முகங்கள் மறந்துவிட்டன.
நிறங்கள் நினைவிருக்கின்றன.

சத்துவாச்சாரி பல் டாக்டர் மகன் நிகிலேஷ்
சிவப்பு ஜாக்கெட்டில் வந்தான்.
தோளில் கோடுகள், நெஞ்சில் டயர் கம்பெனி,
முதுகில் ஏழாம் நம்பர்.
பார்த்தாலே வேகம்.
நூல் உருவினேன். மணி.
"ஏழாயிரம் ரூபா மேடம்.
ரேஸ்காரங்க போடற மாதிரியே இருக்கு."
மாதிரிதான், தம்பி.
தீப்பிடித்தால் நீ கழற்றுவாய்,
அது கழலாது.

வண்டி இழுக்கிற டெம்போவிலிருந்து
முனிரத்தினம் இறங்கிவந்து
கேட்காமலே மடிப்பை நீட்டினார்.
காக்கி. அக்குளில் தையல் விட்டது.
நூல் எரிந்து ஒன்றுமில்லாமல் போனது.
"இந்தா நைனா, இத்த மாட்டிக்க.
நேத்துதான் தோச்சிது."
அவர் பனியனோடு
டெம்போ நிழலில் போய் நின்றுகொண்டார்.
நிழல் அவருடைய முழங்கால்வரைதான் எட்டியது.

இரண்டு மடி மடித்த கையோடு
டீசல் மணக்க மணக்க
ஏழாம் நம்பர் இல்லாமல் ஓட்டினான் நிகிலேஷ்.
நாலாவது சுற்றில் சுழன்று
டயர் வரிசையில் சாய்ந்தான்.
புழுதி. ஒரு ஹாரன். தானே கதவைத் திறந்தான்.
ஒன்றும் ஆகவில்லை.

ஈரச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
என் மேசைக்கு வந்தவன்
தீப்பெட்டியை எடுத்தான்.
"உங்க புடவைல ஒரு நூல் எடுக்கலாமா மேடம்?"

கோபம் இல்லை, சும்மா விளையாட்டு.
நானே உருவிக் கொடுத்தேன்.
காற்றுக்குக் கை குவித்துப் பற்ற வைத்தான்.
சுருண்டது. பின்வாங்கியது.
மணியை என் பதிவேட்டில் வைத்தான்,
கையெழுத்துப் போடும் கட்டத்துக்குள்.

"நான்தான் வண்டி ஓட்டறதில்லையே" என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

ஒடுகத்தூர் நவநீதம் ஞாபகம் வந்தாள்.
மயில்கழுத்து நிறம்.
கசங்காது, சீக்கிரம் காயும்,
இஸ்திரி வேண்டாம் என்று வாங்கினாளாம்.
பால் பொங்கிவிடுமே என்று எட்டினாளாம்.
மூன்று நாள்
அந்த நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.
கொஞ்சம் அவளோடு போயிற்று.
சமையலறை வாசலில்
அவளிடம் யாரும் நூல் கேட்கவில்லை.

திங்கள் காலை ஐந்து மணி.
முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு
அடுப்பைப் பற்ற வைத்தேன்.
என்னிடம் காட்டன் புடவை இரண்டு உண்டு.
இரண்டும்
இஸ்திரிக்குப் போயிருக்கின்றன.