இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பதினாறு தினார் கொடுத்து வாங்கியது.
கெட்டி அட்டை, முந்நூற்று நாற்பது பக்கம்.
ஓர் உலகத்தையே எழுதி முடித்துவிட்டார்கள்,
நமக்கென்று ஒரு வாய்க்கால்கூட மிச்சம் வைக்காமல்.

ஃபஹாஹீல். வியாழன் இரவு. ஜுனைதா வீட்டுக் கூடம்.
உள்ளறையில் அவள் கணவரின் குறட்டை.
விரித்த செய்தித்தாளின் மேல் பகடைகள்:
இருபது முகம், பன்னிரண்டு முகம், எட்டு முகம்.
ஜன்னலுக்கு அப்பால் சுத்திகரிப்பு ஆலையின் தீ
எவரும் உருட்டாமலே எரிந்துகொண்டிருந்தது.

கதை நடத்துபவன் நான்.
பகலில் குழாய்களின் நீளத்தைக் கணக்கெடுப்பவன்.
"பனி மூடிய வடக்கு வாசலில் நிற்கிறீர்கள்" என்றேன்.
"வடக்கில் வாசலே இல்லை" என்றான் எப்ரேம்.
"இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மேற்கில் ஒன்றுதான். அதையும்
மூன்றாம் முற்றுகைக்கு அப்புறம் கல் வைத்து அடைச்சாச்சு."

அவனுக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை.
இரண்டு அழைப்புகளுக்கு நடுவே
வேனில் உட்கார்ந்து அரச வம்சங்களைப் படிப்பான்.
ராஜாவின் கொள்ளுத்தாத்தா எந்தக் காலில் நொண்டினார் என்று தெரியும்.
தெரிந்துவைத்திருப்பது குற்றமா? இல்லைதான்.
ஆனால் அவன் வாயைத் திறந்தால்
என் வாயில் பெய்துகொண்டிருந்த மழை நின்றுவிடும்.

பெயர்கள் வேறு.
ஓர் உயிரெழுத்து கிடைக்காமல் மூச்சுத்திணறும் பெயர்கள்.
ஸ்க்ரைத்வெல்ட் என்று ஓர் ஆறு.
ஜுனைதாவுக்கு அது கீரைத்தண்டாறு.
எப்ரேம் திருத்துவான். அவள் மறுபடியும் கீரைத்தண்டாறு.

எங்கே போனாலும் நமக்கு முன்னால் ஒரு மாவீரன்.
டிராகனை அவன்தான் கொல்வான்,
தேதியோடு அச்சாகியிருக்கிறது.
இவர்கள் மூன்று பேரும் அவன் குதிரைக்குப் புல் சுமந்தார்கள்,
நான்கு வியாழக்கிழமை.

பனியைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம்.
எங்களில் குளிர் கண்டவர் கிருபாகரன் ஒருவர்தான்:
மீன் கிடங்கில், மைனஸ் பதினெட்டில், ஆறு மாதம்.
"எழுதினவன் குளிருக்குள்ள நிண்டதில்லை" என்றார்.
"குளிருக்க வீரம் வராது தம்பி. மூக்குத்தான் வடியும்."

அன்றைக்குத்தான் ஜுனைதா,
உருவிய வாளோடு கோட்டைச் சுவரடியில் நின்றபடி கேட்டாள்:
"இத்தனாயிரம் பேர் இருக்கிற ஊர்ல
கக்கூஸ் கழுவுறது யாரு?
அவங்க எங்கே தூங்குவாங்க?"

எப்ரேம் புரட்டினான்.
பொருளடக்கம், பின்னிணைப்பு, சொல்லடைவு.
கொல்லர் இருந்தார். சாராயக்கடைக்காரரின் மூன்று மகள்களும்
தலைமுடி நிறத்தோடு இருந்தார்கள்.
துடைப்பம் பிடித்த கை ஒன்றுகூட இல்லை.
கீழே, இரவு ஷிப்ட் பேருந்து
கதவைத் திறந்து, ஆள் ஏற்றி, மூடிக்கொண்டு போனது.

"அப்போ அவங்க வந்துபோகிற வழியும் வரைபடத்தில் இருக்காது" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

அழுக்குத்துணி மூட்டை வெளியேறும் ஒரு கதவு.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
விடியற்காலை பாங்கு கேட்கும்வரை
நாங்கள் கோட்டைக்குள்ளேயே இருந்தோம்,
மாவீரன் ஒரு முறைகூட எதிர்ப்படவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
அடுத்த மாதம் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு
நானே ஓர் உலகம் செய்தேன். இரண்டே வாரம்.
ஓவர்டைம் வந்துவிட்டது. ஆறுகளுக்குப் பெயர் வைக்க நேரமில்லை.
எல்லா ராஜாவும் எங்கள் ஃபோர்மேன் குரலிலேயே பேசினார்கள்.
இந்தச் சோம்பலுக்குத்தானே பதினாறு தினார்?
புத்தகம் பரணிலிருந்து இறங்கியது.

இப்போது புதுப்பதிப்பு வந்திருக்கிறது, பத்தொன்பது தினார்.
அதில் அந்த நகரத்தை நிலநடுக்கம் விழுங்கிவிட்டதாம்,
இரண்டு பத்தியில்.
"அக்காமா முடிஞ்சு போன மாதிரி இருக்கு" என்றான் எப்ரேம்.
படித்து வைத்த வம்சமெல்லாம் எந்த ஊரில் செல்லும்?

நாங்கள் வாங்கவில்லை.
நேற்று எதையோ தேடிப் பழைய புத்தகத்தைத் திறந்தால்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் நீலப் பேனா:
வடக்கில் ஒரு கதவு உண்டு. உயரம் நாலடி.
கீல் தேய்ந்திருக்கிறது.
அடியில் கையெழுத்தும் தேதியும்,
சர்வீஸ் ரிப்போர்ட்டில் போடுகிற மாதிரியே.